மகளின் வாளைக் கழற்றிய சனிக்கிழமை

என் மகளின் பொருள் ஒன்றை அவள் வீட்டில் இல்லாதபோது எடுத்து, கழற்றி, உடைத்தேன். தொடவேண்டாம் என்று அவள் சொன்ன பிறகுதான் அதைச் செய்தேன். அவள் கேட்டபோது பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் தன்னையே குற்றம் சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இவற்றுள் எது பெரிய பிழை என்று பல வருடங்களாக எனக்குள் தரம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பொருள் ஒரு வாள். வெட்டுகிற வாள் அல்ல. விண்வெளியில் நடக்கும் படம் ஒன்றில் வரும் ஒளி வாளின் மாதிரி. பிடி உலோகம். அதிலிருந்து ஒரு கை நீளத்துக்குப் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்திக் குழாய். பிடியில் உள்ள பொத்தானை அமர்த்தினால் குழாயின் அடியிலிருந்து நுனி வரைக்கும் நீல வெளிச்சம் ஓடி ஏறும். ஒரு இரைச்சலும் வரும். 2007 கோடையில், வெதுப்பகம் ஒன்றில் சனிக்கிழமைகளில் வேலை செய்து சேர்த்த காசில் அவள் அதை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தாள். அவள் எங்களைக் கேட்காமல் வாங்கிய முதல் பொருள் அது.

தபாலில் வந்த பெட்டியைத் தான் மட்டும் உடைக்காமல் என்னைக் கூப்பிட்டுத்தான் உடைத்தாள். நோர்வேயில், ஒஸ்லோ நகரின் வெஸ்ட்லியில், சுரங்க ரயில் பாதை முடிகிற இடத்தில், ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. அவளுடைய அறையின் திரையை இழுத்து மூடிவிட்டுப் பொத்தானை அமர்த்தினாள். பிறகு என் கையில் தந்தாள். நான் அதை ஒரு வீசு வீசினேன்.

"அப்பா, மெதுவா. இது சண்டை பிடிக்கிறதுக்கில்லை. சும்மா வச்சிருக்கிறதுக்கு."

"சும்மா வச்சிருக்கிறதுக்கு வாள் என்னத்துக்கு?"

"ஹோலுக்குள்ளை உங்கட டிகிரி சேர்ட்டிபிக்கற் கண்ணாடி போட்டுத் தொங்குதே, அது என்னத்துக்கு? அதுவும் சும்மாதானே நிக்குது."

வாசலில் நின்ற அவளுடைய தாய் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். "பொம்பிளைப் பிள்ளையின்ர அறையிலை வாள். நாளைக்குக் கலியாணம் பேசி ஆரும் வந்தால் என்னெண்டு சொல்லுறது?"

"நல்லதம்மா. பாத்தவுடனை ஓடிடுவினம்."

அந்தச் சான்றிதழைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன். ஒஸ்லோவில் ஒரு பாடசாலையின் கட்டடப் பராமரிப்பு என் வேலை. மின்குமிழ் மாற்றுவது, கதவுப் பூட்டுத் திருத்துவது, பனி தள்ளுவது. மரியாதையான வேலைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கூட்டங்களில் மட்டும்தான் என்னை இன்னும் "மாஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்யக்கூடியவனாக இருந்தேன் என்பது அந்த இலையுதிர் காலத்தில்தான் தெரிந்தது.

ஓகஸ்டில் மகள் துரொன்ஹைமுக்குப் பொறியியல் படிக்கப் போனாள். வாடகை அறை சின்னது என்று வாளை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். யன்னலுக்குக் கீழே, அதற்கென்று வந்த தாங்கியில் அது கிடந்தது.

ஒக்டோபரில் சங்கத் தலைவருடைய வீட்டில் கூட்டம். பியோர்ண்டாலில், வடையும் தேநீருமாக ஏழெட்டுப் பேர். நவம்பர் கலைவிழாவில் சூரன்போரை நாட்டிய நாடகமாகப் போடுவது என்று முடிவாகியிருந்தது. முந்திய வருடமும் அதே நாடகம்தான். அப்போது முருகனின் வேலைக் காகித மட்டையில் செய்து, உள்ளே ஒரு கைவிளக்கு வைத்திருந்தார்கள்.

"போன வருஷம் வேல் பாதியிலை மடிஞ்சு போச்சு" என்றார் தலைவர். "சூரன் சாகிறதுக்குப் பதிலாச் சிரிச்சவன்."

"சூரனா ஆடினது என்ர மச்சான்" என்றார் ஒருவர். "இண்டைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நீங்கள் பிஸிக்ஸ் படிப்பிச்ச ஆள். ஒரு வெளிச்ச வேல் செய்து தரேலாதோ? இல்லாட்டி இப்ப ஸ்கூலிலை பல்ப் மாத்திறதோடை சரியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "செய்யலாம். தண்டு முழுக்க எரியிற மாதிரிச் செய்து தாறன்" என்றேன். அப்படிச் சொன்னபோது என் மனதில் இருந்தது யன்னலுக்குக் கீழே கிடந்த வாள்தான். முதலில் வாக்குக் கொடுத்தேன். பிறகுதான் மகளைக் கேட்டேன்.

அடுத்த நாள் தொலைபேசியில் கேட்டேன்.

"பிள்ளை, அந்த வாளை ஒருக்கா விழாவுக்கு எடுக்கட்டோ?"

"என்ர வாளையோ? என்னத்துக்கு?"

"முருகன்ர வேலுக்கு. தண்டிலை வெளிச்சம் வேணும்."

"பிடி மொத்தமெல்லோ. வேல் மாதிரி இராது. அதோடை அது இரையும்."

"பிடியைக் கழட்டிப்போட்டு, குழாயை மட்டும்..."

"நை, அப்பா." மறுக்கும்போது அவளுக்கு நோர்வேஜிய மொழிதான் முதலில் வரும். "அது கழட்டிற மாதிரிச் செய்யேல்லை. உள்ளுக்கை பசை போட்டு ஒட்டிக்கிடக்கு. கழட்டினால் பிறகு ஒண்டுக்கும் உதவாது. வேண்டாம். தொடவே வேண்டாம்."

"ஓம், ஓம். சும்மா கேட்டனான்."

"தொடமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"தொடமாட்டன்."

இரண்டு கிழமை வேறு வழி தேடினேன் என்று சொல்ல ஆசை. தேடவில்லை. கண்ணாடிக் குழல் விளக்கு உடைந்தால் ஆடுகிற பெண்ணுக்கு ஆபத்து என்று ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததோடு சரி. மற்றக் காரணங்கள் தாமாகவே வந்தன. நான் வளர்ந்த வீட்டில் பிள்ளையின் பொருள் என்று ஒன்று இருந்ததில்லை. என் சைக்கிளை ஐயா யாருக்கும் கொடுப்பார், என்னைக் கேட்கமாட்டார். அக்காவின் சங்கிலி மாமாவின் கப்பல் பயணத்துக்குப் போனது. வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்குரியது. அதோடு இது சாமி காரியம். விளையாட்டுச் சாமான் ஒன்று வேலாக ஆவதில் யாருக்கு என்ன நட்டம்? இப்படியெல்லாம் நினைத்தேன். ஆனால் மனைவியிடம் மட்டும், பாடசாலையில் கழித்துவிட்ட விளக்குக் குழாய் ஒன்றில் வேல் செய்யப்போகிறேன் என்று சொன்னேன். நான் நினைத்ததையெல்லாம் நானே நம்பியிருந்தால் அவளுக்குப் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை காலை மனைவி கடைக்குப் போனதும் வாளைக் குசினி மேசைக்குக் கொண்டுவந்தேன். கீழே ஒரு துவாய் விரித்தேன். பிடியின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு றப்பர் பட்டைகளில் ஒன்றைக் கத்தி நுனியால் கிளப்பினேன். அதற்குக் கீழே, குழாயின் கழுத்தருகே, தலையில்லாத ஒரு சின்னத் திருகாணி இருந்தது. ஆறு மூலைச் சாவிகளில் மிகச் சிறியதைப் பாடசாலையிலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஆணி அசையவில்லை. பசை விட்டு மூடியிருந்தார்கள். மனைவியின் தலைமுடி உலர்த்தியால் பத்து நிமிடம் சூடு காட்டினேன். ஆணி இளகி வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

குழாய் வரவில்லை. பிடியை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு இழுத்தேன். பிறகு இழுக்காமல் திருகினேன். அதுதான் தொழில் தெரிந்தவன் செய்யக்கூடாத வேலை. குழாயின் உள்ளே மின்குமிழ் மணிகளைத் தாங்கிய மெல்லிய பட்டை ஒன்று நுனிவரை போகிறது. அதன் அடியிலிருந்து முடி போன்ற ஏழெட்டுக் கம்பிகள் பிடிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு வருகின்றன. குழாயைத் திருகினால் கம்பிகளும் சேர்ந்து முறுகும் என்பதை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்திருப்பேன். பசை விட்ட சத்தமும் குழாயின் கழுத்து வெடித்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. கம்பிகள் அறுந்து கையோடு வந்தன.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கம்பிகளைத் திரும்பப் பொருத்தி, மகளுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை, நான் பிழை விட்டிட்டன்" என்று சொல்லியிருக்கலாம். அரைமணி நேரம் அந்தக் கதிரையில் இருந்தேன். பிறகு எழுந்து துளையிடும் கருவியை எடுத்தேன். வேலின் இலையைத் தகரத்தில் வெட்டி, பொன் நிறத் தாள் ஒட்டி ஆயத்தமாக வைத்திருந்தேன். அதைப் பூட்டுவதற்காகக் குழாயின் நுனியில் இரண்டு துளைகள் போட்டேன். உடைந்ததாவது தவறுதலாக நடந்தது. துளைகளை அளந்து, அடையாளம் வைத்துப் போட்டேன்.

கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். அடிப்பக்கத்து மணிகள் சில எரியவில்லை. அந்த இடத்தைச் சிவப்புப் பட்டால் சுற்றி மறைத்தேன். கீழே வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றின் காம்பைப் பொருத்தி, பற்றரிகளையும் ஒரு பொத்தானையும் கட்டினேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

விழா குரோருட்டில், ஒரு பாடசாலை மண்டபத்தில். மேடைக்குப் போகும் முன் ஒரு மூத்த அம்மா வேலை வாங்கி, தண்டுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றேன். சூரன் மாமரமாக நின்ற இடத்தில் மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள். முருகனாக ஆடிய பெண் பொத்தானைத் தட்டினாள். இருட்டில் நீலமாக வேல் எழும்பியது. "அரோகரா" என்று மண்டபமே எழுந்தது. பின்வரிசையில் நின்ற எனக்குக் கண் கலங்கியது. பக்தியால் என்று அன்றைக்கு நினைத்தேன். நாடகம் முடிந்ததும் தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். "எங்கட மாஸ்டர், சும்மா ஆளில்லை" என்று ஒலிவாங்கியில் சொன்னார். மனைவி முன்வரிசையில் இருந்து கைதட்டினாள்.

அடுத்த நாள் அவள் இல்லாத நேரம் பார்த்து வேலைக் கலைத்தேன். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். துளைகளை ஒளி ஊடுருவும் பசையால் அடைத்தேன். குழாயைப் பிடிக்குள் செருகி ஒட்டி, றப்பர் பட்டையை அதன் இடத்தில் அழுத்தினேன். நுனியைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தாங்கியில் வைத்தேன். பார்க்க வாள் மாதிரி இருந்தது. எரியாது.

டிசெம்பரில், நத்தார் விடுமுறைக்கு மகள் வந்தாள். வந்த அன்று பின்னேரமே அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, இது பத்துதில்லை."

நான் புதுப் பற்றரிகளோடு போனேன். அவளுக்கு முன்னால் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். பொத்தானை அமர்த்தினேன். திரும்ப அமர்த்தினேன். தலையை ஆட்டினேன். இந்த நடிப்பை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

"நுனியிலை இது என்ன?" அவள் பசை அடைத்த இடத்தை விரலால் தடவினாள்.

யன்னலுக்குக் கீழே, நோர்வேஜிய மொழியில் ஓவன் என்று நாங்கள் சொல்லும் மின் சூடாக்கி இருந்தது. "ஓவனுக்குக் கிட்ட இருந்ததெல்லோ" என்றேன். "சூட்டுக்கு இளகியிருக்கும். உள்ளுக்கையும் பழுதாப் போயிருக்கும்."

அவள் வாளைத் திரும்பத் தாங்கியில் வைத்தாள். பிறகு, "என்ர பிழைதான்" என்றாள். "நான்தானே அதிலை வச்சிட்டுப் போனனான். நீங்கள் யோசிக்காதேங்கோ அப்பா."

எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள். நான் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

திரும்பிப் போகும்போது வாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்று ஒரு வேலைக்கூடம் இருந்தது. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைபேசி அடித்தது. மனைவி எடுத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "ஓமோம், வேல் செய்தது அப்பாதான். உனக்குச் சொல்லேல்லையோ? பொன்னாடையும் போத்தினவை." பிறகு என்னிடம் தந்தாள்.

"அப்பா, வாளை இண்டைக்குத் திறந்தனான்." குரல் உயரவில்லை. "குழாய்க்கு உள்பக்கம், வெடிச்ச இடத்திலை, குங்குமம் கிடக்கு."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கம்பியெல்லாம் ஆரோ ஒட்டியிருக்கினம். வடிவா ஒட்டியிருக்கு. உங்கட கைதான்."

"பிள்ளை, அது சாமி காரியத்துக்கு..."

"களவெடுத்த சாமான் எண்டு முருகனுக்குச் சொன்னனீங்களோ?"

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அப்பா, நீங்கள் கேட்காமல் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. கேட்டனீங்கள். நான் வேண்டாம் எண்டனான். பிறகு என்னத்துக்குக் கேட்டனீங்கள்? ரெண்டு மாசமா என்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். என்ர கூட்டாளியளுக்கெல்லாம் சொன்னனான், நான் விசரி, ஓவனுக்குக் கிட்ட வச்சிட்டன் எண்டு. ஒருத்தன் சொன்னவன், உன்ர அப்பா கழட்டியிருப்பார் எண்டு. நான் அவனோடை சண்டை பிடிச்சனான். என்ர அப்பா தொடமாட்டன் எண்டால் தொடமாட்டார் எண்டு."

அவள் வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற மனைவி எல்லாவற்றையும் என் முகத்தில் வாசித்திருக்க வேண்டும். "எனக்கும் பொய்தான் சொன்னீங்கள், என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

நான் செய்த முதல் பரிகாரம் அதே மாதிரி வாள் ஒன்றை வரவழைத்து அவளுக்கு அனுப்பியது. பெட்டி உடைக்காமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பும் இல்லை.

இரண்டாவது பரிகாரத்தை நான் பெரிதாக நினைத்தேன். அடுத்த வருடக் கலைவிழாவில், நிகழ்ச்சிகளுக்கு இடையில், ஐந்து நிமிடம் கேட்டு மேடையில் ஏறினேன். போன வருடம் எனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்துக் கையில் வைத்திருந்தேன். அந்த வேல் என் மகளின் வாள், அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் அதை எடுத்து உடைத்தேன், பிறகு பொய்யும் சொன்னேன், ஆகவே இந்த மரியாதை எனக்கு உரியதல்ல என்று சொன்னேன். மண்டபம் அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஓவனைப் பற்றிச் சொன்ன இடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் ஒலிவாங்கியை வாங்கினார். "பாத்தியளோ, பெத்த பிள்ளையின்ர சாமானையே முருகனுக்குக் குடுத்த ஆள்" என்றார். பொன்னாடையைத் திரும்பவும் என் தோளில் போட்டார். போன வருடத்தைவிடக் கைதட்டல் அதிகம். நான் தோளில் அதோடு இறங்கி வந்தேன். எடுத்து எறிய எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் கிழமையே அவளுக்குச் செய்தி போய்விட்டது. வாள் வைத்திருக்கிற பெட்டை என்று யாரோ அவளிடமே பகிடி விட்டிருக்கிறார்கள். அவள் எடுத்த தொலைபேசி அழைப்பு மிகச் சின்னது.

"மேடையிலை சொல்ல முதல் என்னைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"திரும்பவும் என்ரதைத்தான் எடுத்தனீங்கள் அப்பா."

அவள் சொன்னது சரி. உடைந்த பொருள் அவளுடையது. ஏமாந்ததும் அவள். அந்தக் கதையையும் நான் கேளாமல் எடுத்து மேடைக்குக் கொண்டுபோயிருந்தேன்.

மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதினேன். அவள் வாசிக்கச் சுலபமான மொழியில், நோர்வேஜிய மொழியில் எழுதினேன். செய்ததை வரிசையாக எழுதினேன். ஒரு தரம் எழுதி வாசித்தபோது நான்கு இடத்தில் "ஆனால்" இருந்தது. கிழித்துவிட்டு எழுதினேன். அதில் இரண்டு இடத்தில் இருந்தது. மூன்றாம் தரம் ஒன்றும் இல்லை. கடிதம் அரைப் பக்கமாகக் குறைந்துவிட்டது. அதைத் தபாலில் போட்டேன். எட்டு நாள் கழித்து என் கைத்தொலைபேசிக்கு ஒரு சொல் வந்தது. வாசித்தேன் என்று. அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைப் பற்றி நாங்கள் இன்றுவரை கதைத்ததில்லை.

அவள் எங்களோடு கோபித்துக்கொண்டு விலகிப்போகவில்லை. பெருநாட்களுக்கு வருவாள், தாயோடு சமைப்பாள், பிரஷருக்குக் குளிசை போட்டேனா என்று என்னிடம் கேட்பாள். ஆனால் ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் அறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாள் பார்த்தால் அங்கே கட்டிலும் மேசையும்தான் இருந்தன.

படிப்பு முடிந்து ஒஸ்லோவில் வேலை கிடைத்ததும் குரோருட்டில் ஒரு வீடு வாங்கினாள். எங்களிடமிருந்து சுரங்க ரயிலில் நான்கு தரிப்புகள். வேலை விடயமாக அடிக்கடி வெளியூர் போகிறவள். மேலதிகச் சாவியை எதிர்வீட்டு நோர்வேஜியப் பெண்மணியிடம் கொடுத்துவைத்திருக்கிறாள் என்று மனைவி சொல்லித்தான் தெரியும். நான் ஏன் என்று கேட்கவில்லை.

போன பங்குனியில் அவளுடைய குசினித் தண்ணீர்க்குழாய் ஒழுகியது. "அப்பா, நேரமிருந்தால் வந்து பாருங்கோ" என்றாள். என் சாமான் பெட்டியோடு போனேன். அவள் வேலைக்கு அரைநாள் லீவு எடுத்திருந்தாள். நான் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்தபோது பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குறடு ஒன்றை எடுத்துக் குழாயின் ஆணியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இதைக் கழட்டட்டோ பிள்ளை?"

அவள் எட்டிக் குனிந்து பார்த்தாள். "ஓம், கழட்டுங்கோ."

கழற்ற மூன்று இடம் இருந்தது. மூன்று தரமும் கேட்டேன். மூன்று தரமும் ஒரு கணம் யோசித்த பிறகே ஓம் என்றாள்.